சப்சிடி பாய்

வில்லியனூர் கடைத்தெருவில் ஹமீது வீடு எது என்று கேட்டால் நாலு ஹமீதைக் காட்டுவார்கள். சப்சிடி பாய் வீடு எது என்று கேட்டால் பால் வாங்க வந்த சின்னப் பெண்கூட நேராக என் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். இந்தப் பட்டத்தை யாரும் எனக்கு மேடை போட்டுக் கொடுக்கவில்லை. நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆறு வருஷம் விமான டிக்கெட் விற்றேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஊரார் அதையே வேறு மாதிரி சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆகவே அதையே சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு தொழில் செய்தேன். வாடகை சைக்கிள் கடை வைத்தேன். வெளியே போன சைக்கிள்கள் திரும்பி வரவில்லை. ரேடியோ ரிப்பேர் கடை வைத்தேன். உள்ளே வந்த ரேடியோக்கள் திரும்பிப் போகவில்லை. அப்புறம் கொஞ்ச காலம், அடுத்து என்ன செய்யலாம் என்று வீட்டில் இருந்தபடியே யோசித்தேன். யோசிக்கிற செலவை என் மனைவி மெஹர் நிஷா பார்த்துக்கொண்டாள். அவளுடைய அத்தா அப்துல் கனிக்கு ஆண்பிள்ளை கிடையாது. கடைத்தெருவில் இருந்த மாட்டுத்தீவனக் கடையை மகளுக்கே எழுதி வைத்துவிட்டு மௌத்தாகிவிட்டார். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை. மெஹர் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தராசு முன்னால் நின்றால் யாரையும் ஏமாற்றவும் மாட்டாள், யாரிடமும் ஏமாறவும் மாட்டாள். பாகூர் வரைக்கும் மாடு வைத்திருக்கிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள்.

எண்பதாம் வருஷம், மெட்ராஸில் டிக்கெட் ஏஜென்சி நடத்திய சுப்புராயன் என்பவர் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு சப்-ஏஜென்ட் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை நாங்கள் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் மீசை முளைத்ததும் பாரீஸுக்குப் போவார்கள், லீவுக்கு வருவார்கள், பெண் கட்டிக்கொண்டு திரும்பவும் போவார்கள். பஸ்ஸே நேரத்துக்கு வராத ஊர்களிலிருந்து பிளேனுக்கு ஆள் போய்க்கொண்டே இருந்தது. சுப்புராயன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வேறு ஆள் கிடைக்காத காரணத்தால், ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் டிக்கெட்டை விற்கும் அதிகாரத்தை எனக்குக் கொடுத்தார்.

மெஹரின் கடையில் முன்பாதியைத் தடுத்து எனக்கு மேசை போட்டேன். ‘ஹமீது டிராவல்ஸ்’ என்று போர்டு மாட்டினேன். போர்டு எழுதியவர் பிளேனைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவர் வரைந்த பிளேன் கொஞ்சம் கெண்டை மீன் மாதிரி இருந்தது. பின்பாதியில் மூட்டைகள். புண்ணாக்கு வாங்க வருகிறவர்கள் என் மேசையைக் கல்லா என்று நினைத்துக் காசை என்னிடம் நீட்டுவார்கள். நான் முறைத்துக்கொண்டு உள்ளே கை காட்டுவேன்.

தொழில் எனக்கு ரொம்பப் பிடித்தது. காரணம், விலை பேச வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பெரிய விமானக் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இவ்வளவு என்று தீர்மானித்து வைத்திருந்தார்கள். யாரும் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே விலைக்கு விற்றால் அதற்குப் பெயர் ஒழுங்கு, எவனாவது குறைத்து விற்றால் அதற்குப் பெயர் அநியாயம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் டிக்கெட் வாங்கினார்கள். அவ்வளவு கமிஷனில் ஒரு மனிதன் டீ குடிக்கலாம், நான் குடித்தேன்.

எண்பத்திரண்டில் பச்சையப்பன் வந்தான். ஒதியம்பட்டுக்காரன். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்; பாகூர் ரூட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பது வரை அவனுக்குத் தெரியும். தன் ஊரில் ஒரு தையல் கடையின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு அரபு நாட்டு ராஜாவின் விமானத்துக்கு டிக்கெட் விற்றான். மெட்ராஸ் மீனம்பாக்கத்தில் ஒரு பிளேன் ஏறிப் பம்பாய் போனால், அந்த விமானம் அங்கிருந்து கிளம்பி, நடுவில் அந்த ராஜாவின் ஊரில் இறங்கி, அப்புறம் பாரீஸ் போகும். சுற்றுவழிதான். ஆனால் என் டிக்கெட்டைவிட விலை நன்றாகவே குறைவு. அதோடு, என் கம்பெனி இருபது கிலோ சாமான் கொண்டுபோக விட்டால், ராஜா முப்பது கிலோ விட்டார்.

பத்து கிலோ என்றால் என்ன என்று மெட்ராஸ்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்துச் சொல்தா வீடுகளில் பாரீஸுக்குப் போகிறவன் சட்டை இல்லாமல்கூடப் போவான், வடகம் இல்லாமல் போக மாட்டான். வெங்காயமும் பூண்டும் உளுந்தும் இடித்து, விளக்கெண்ணெய் விட்டு, உருட்டி உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம். சொல்தா அந்தோணிசாமியின் மனைவி ரோசம்மாள், மாதா கோயில் தெருக்காரம்மா, என் மேசை முன்னாலேயே நின்று விரலை மடக்கிக் காட்டினாள்.

“பத்து கிலோன்னா ஒரு வருசத்துக்கு வடகம் தம்பி. உன் பிளேனுல போனா என் புள்ள வருசம் பூரா வெறும் கொழம்பு துன்னணும்.”

பதில் தேடிக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன். அங்கே இங்கிலீஷ் பேப்பரில், வெளிநாட்டு அரசாங்கங்கள் தங்கள் விமானக் கம்பெனிகளுக்குக் கொட்டிக்கொடுக்கும் பணத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். பாதி புரிந்தது. சப்சிடி என்ற வார்த்தையும், நியாயமான போட்டி என்ற வார்த்தையும் புரிந்தன. அது போதும் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஊருக்குப் பிடித்தது சனி. சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தால் சப்சிடி. பாங்க்கில் வரிசையில் நின்றால் சப்சிடி. ஜனாஸா தொழுது அடக்கம் முடிந்து திரும்பி வருகிற வழியிலும் பேசியிருக்கிறேன், அல்லா மன்னிக்கட்டும். சவரக்கடைக்காரர் என் முகத்தை மட்டும் மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தில் பாதியில் முடித்து அனுப்பிவிடுவார். ஒருநாள் டீக்கடையில் அந்தோணிசாமி மாட்டினார். இந்தோசீனாவில் சண்டை போட்டவர். யாருக்கும் பயப்பட மாட்டார். பிரெஞ்சு மரியாதையில் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம்.

“பாய், ஒரு ராஜா தன் கைக்காசைப் போட்டு என் புள்ளையக் கொண்டுபோயி பாரீஸ்ல எறக்குறான். இதுல எனக்கு இன்னா நட்டம்?” என்றார்.

“உங்களுக்கு இல்ல முசே, எங்களுக்கு! அவன் நட்டத்துல ஓட்டி எங்க எல்லாரையும் கடையை மூட வெச்சிருவான். அப்பறம் தனியா நின்னுக்கினு இஷ்டத்துக்கு வெலைய ஏத்துவான். அப்பதான் தெரியும்.”

“எப்ப ஏத்துவான்?”

“எல்லாரும் மூடினப்பறம்.”

“அது வரைக்கும் சீப்பாப் போலாம் இல்ல?”

டீக்கடையே சிரித்தது. நான் விடாமல், எந்த மடையனாவது நஷ்டப்படுகிற பிளேனுக்கு வருஷா வருஷம் பணம் கொட்டுவானா, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று கத்தினேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தாமலே, “சப்சிடி பாய்க்கு ஒரு டீ, சக்கர தூக்கலா” என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்.

பேச்சில் தோற்றவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரமே ரோசம்மாள் மறுபடி என் கடைக்கு வந்தாள். புண்ணாக்கு வாங்கத்தான். மூத்த மகன் பாரீஸ் போகப் போகிறான், டிக்கெட் பச்சையப்பனிடம்தான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஆனாலும் முகத்தில் கவலை. கேட்டேன்.

“மீனம்பாக்கம் வரைக்கும் எப்பிடிப் போறதுன்னுதான் தம்பி. எங்க வூட்டு ஆளுங்க மட்டும் பதினேழு பேரு. வுட்டுட்டுப் போனா நாளைக்கி எவ மூஞ்சியில முழிக்கிறது?”

இது எங்கள் பக்கத்து வழக்கம். பாரீஸுக்குப் போகிறவனை ஏர்போர்ட் வரை போய் வழியனுப்ப வேண்டும். கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வழியனுப்பக் கூப்பிடாவிட்டால் பேச்சுவார்த்தை நின்றுபோகும். என் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. என் யோசனைகள் எல்லாம் பளிச்சென்றுதான் வரும். சைக்கிள் கடையும் அப்படி வந்ததுதான்.

“எங்கிட்ட டிக்கெட் வாங்குங்க. வேன் எங்க கம்பெனி குடுக்கும். போக வர, சாப்பாட்டோட” என்றேன்.

ரோசம்மாள் புண்ணாக்கைக்கூட வாங்காமல் கணவனைக் கூப்பிட ஓடினாள். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மெஹர் தலையை நீட்டினாள்.

“எந்தக் கம்பெனிங்க?”

“நம்ம கம்பெனிதான்.”

“நம்ம கம்பெனின்னா?”

“நீயும் நானும்.”

மெஹர் கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. சொந்தமாக எண்ணெய் ஆட்டுகிற மிஷின் ஒன்று போட வேண்டும். கடலை வாங்கி ஆட்டினால் எண்ணெயும் விற்கலாம், புண்ணாக்குக்கும் வெளியே கையேந்த வேண்டாம். அதற்காகத் தினமும் வியாபாரம் முடிந்ததும் ஒரு தகரப் பெட்டியில் பணம் போட்டு வைப்பாள். வேனுக்குப் பணம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“எத்தினி தடவ?” என்று கேட்டாள்.

“மூணே தடவ. நட்டத்தோட நட்டமா மூணு வேன் வுட்டா பச்சையப்பன் மூட்டையக் கட்டிக்கினு ஓடிருவான். அப்பறம் வில்லியனூரு பாகூரு ரெண்டும் நம்ம கையில. வேனை நிறுத்திரலாம்.”

அரபு ராஜா செய்வதாக நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த அதே சூழ்ச்சியை ஒரு எழுத்து மாறாமல் நானே சொல்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மெஹர் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் வேன் போனது. பதினேழு பேர் என்றார்கள், இருபத்தைந்து பேர் ஏறினார்கள். திண்டிவனத்தில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். செங்கல்பட்டில் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மீனம்பாக்கத்தில் பார்வையாளர் டிக்கெட் எடுத்து மாடியில் ஏறி வரிசையாக நின்று, கிளம்புகிற பிளேனைப் பார்த்துக் கையாட்டிக் கதறி அழுதார்கள். அது ஹைதராபாத் போகிற பிளேன். நான் சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டார்கள், மறுபடியும் எதற்கு?

இந்த ஒரு வேனிலேயே என் பெயர் பாகூர் வரை போய்விட்டது. ஒரே வருஷத்தில் டிக்கெட் விற்பனை மூன்று மடங்கு. ராஜாவின் டிக்கெட்டில் மிச்சமாகிற காசைவிட வேனும் சோறும் பெரிதாகத் தெரிந்தது எங்கள் ஜனங்களுக்கு. பச்சையப்பன் ஓடவில்லை. டிக்கெட் வாங்குகிறவர்களுக்குத் தோளில் மாட்டுகிற பை ஒன்று இனாமாகக் கொடுத்தான். நான் எலுமிச்சைச் சோற்றை பிரியாணி ஆக்கினேன். அவன் பையோடு குடை கொடுத்தான். நான் திரும்பி வருகிற வழியில் மெட்ராஸ் பீச்சைச் சுற்றிக்காட்டினேன். அப்புறம் வேனில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குப் போகிறவன் யார் என்றே தெரியாது. பீச் பார்க்க வந்தவர்கள். ஒரு டிக்கெட்டில் எனக்கு வருகிற கமிஷன், வேனுக்கு டீசல் போடவே காணாது. எவ்வளவு விற்றேனோ அவ்வளவு நஷ்டம். மூன்று தடவை என்றது முப்பதைத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை அவன் ஓடிவிடுவான் என்று மெஹரிடம் சொன்னேன். அவளும் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்தாள்.

எண்பத்தைந்தில் ஒருநாள் சுப்புராயன் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே சைக்கிளில் பச்சையப்பன். என் ஏஜென்சியை விசாரிக்க வந்திருப்பதாக சுப்புராயன் சொன்னார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. பச்சையப்பனையும் அவன் ராஜாவையும் பற்றி நான் அவருக்கு அனுப்பிய மூன்று புகார்களுக்குத்தான் கடைசியில் பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அவரை உட்காரவைத்து, சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, நின்றபடியே பேச ஆரம்பித்தேன். ராஜாவின் எண்ணெய்க் கிணறு, கொட்டிக்கொடுக்கிற பணம், அதை எதிர்த்து நிற்கிற என் போன்ற நேர்மையான வியாபாரி எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி என்றால் அவனவன் கைக்காசில், அவனவன் சாமர்த்தியத்தில் போட்டி போட வேண்டும் என்று மேசையைத் தட்டினேன். தட்டிய வேகத்தில் தவிட்டுத் தூசி கிளம்பி சுப்புராயன் தும்மினார்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நல்லாப் பேசறீங்க மிஸ்டர் ஹமீது. ஆனா புகார் உங்க மேலதான். பச்சையப்பன், நீங்க சொல்லுங்க” என்றார்.

பச்சையப்பன் கைகட்டிக்கொண்டு நின்றான். “சார், நான் பிளேன் டிக்கெட்டு விக்கிறேன். பாய் வேனு வுட்றாரு, பிரியாணி போடறாரு, பீச்சு காட்டறாரு. அத்தினியும் நட்டத்துல. அவரு பின்னாடி ஆளு இருக்குது சார், எனக்கு யாரு இருக்காங்க? எனக்கு நியாயமான போட்டி வோணும்.”

என் வாயிலிருந்து ஊருக்குள் போன வார்த்தை அவன் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்ததைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. பின்னால் ஆள் யாரும் இல்லை, எல்லாம் என் உழைப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மெஹரின் குரல் வந்தது.

“வேன் காசு எங்க புண்ணாக்கு யாவாரத்துலருந்து போவுதுங்க. இவங்க கேட்டாங்க, குடுத்தேன். பொய் சொல்ல எனக்கு வராதுங்க.”

பச்சையப்பன் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். “அங்க ராஜா, இங்க ராணி. அவ்ளோதான் சார் வித்தியாசம்.”

சுப்புராயன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். நான் விற்கிற ஐரோப்பியக் கம்பெனிக்கும் அந்த நாட்டு அரசாங்கம்தான் நஷ்டத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறதாம். எனக்குத் தெரியாதா என்று கேட்டார். பேப்பரில் அது எனக்குப் புரியாத பாதியில் இருந்திருக்க வேண்டும். டிக்கெட்டோடு வேன் கொடுப்பதும் விலையைக் குறைப்பதுதான், இனிமேல் ஒரு வேன் விட்டாலும் ஏஜென்சியை ரத்து செய்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

வேன் நின்றது. வேனோடு டிக்கெட்டும் நின்றது. நாலு மாதத்தில் ஒரு ஆள் வரவில்லை. ஒருவர் வந்தார், அவரும் பருத்திக்கொட்டை விலை கேட்கத்தான் வந்தார். என் டிக்கெட்டை ஊரில் ஒருவனுக்கும் வேண்டியிருக்கவில்லை, இவ்வளவு நாளும் நான் விற்றது வேன் சவாரிதான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் தினமும் போய் மேசை முன்னால் உட்கார்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு விஷயம் ஒரே வாரத்தில் வந்தது. திருவாண்டார்கோயிலில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு எண்ணெய் மிஷினை விற்கிறார் என்று தகவல் வந்தது. மெஹர் போய்ப் பார்த்தாள், பிடித்திருந்தது. பெட்டியில் மிஞ்சியிருந்த பணம் சரியாக அதற்குத்தான் காணும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் அவர். வியாழக்கிழமை காலையில் அந்தோணிசாமியும் ரோசம்மாளும் என் கடைக்கு வந்தார்கள். குடும்பத்தோடு மூத்த மகனிடம் பாரீஸுக்கே போய்விடுவதாகத் தீர்மானித்துவிட்டார்களாம். ஐந்து டிக்கெட். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு வியாபாரம் எனக்கு வந்ததில்லை.

“மொத்தமாப் போறோம் தம்பி. தெருவே வழியனுப்ப வரும். ஒரு பஸ்ஸு ஏற்பாடு பண்ணிட்டின்னா உங்கிட்டயே வாங்கிக்கிறோம். இல்லாங்காட்டி…” என்று ரோசம்மாள் ஒதியம்பட்டு இருக்கிற திசையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது மெஹரிடம் என் திட்டத்தை விளக்கினேன். சுப்புராயன் எனக்குத்தான் தடை போட்டிருக்கிறார், புண்ணாக்குக் கடைக்குப் போடவில்லை. பஸ்ஸை அவள் பெயரில் பிடிக்கலாம். ஐந்து டிக்கெட் என் பக்கம் சாய்ந்தால் பச்சையப்பனுக்கு ஊரில் மரியாதை போய்விடும். இதுதான் கடைசி, இந்தத் தடவை நிச்சயம் ஓடிவிடுவான். பேசிக்கொண்டே போனேன். பேச்சு எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

மெஹர் எழுந்து போய் கையைக் கழுவிவிட்டுத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

“இந்தாங்க.”

“மிஷினு?”

“அது அப்பறம் பாத்துக்கலாம்.”

அவள் சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இப்படிக் கொடுத்ததும் எனக்குக் கை நீளவில்லை.

“மெஹரு, பச்சையப்பன் ஓடிருவான்னு நீ நம்புறியா?”

“இல்லீங்க. ஒரு நாளும் நம்பல.”

“அப்பறம் எதுக்கு இத்தினி நாளா குடுத்த?”

அவள் தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

“ரேடியோ கடைய மூடினப்பறம் மூணு வருசம் வூட்ல செவுத்தப் பாத்துக்கினு படுத்துக் கெடந்தீங்க. சோறு வெச்சா துன்னீங்க, வெக்காட்டி கேக்கல. நான் கடைக்கிப் போயிட்டு வரச்சே, உசுரோட இருக்கீங்களான்னு பாத்துக்கினேதான் கதவத் தொறப்பேன். அந்த போர்டு மாட்டின அன்னிக்கிதான் எழுந்து குளிச்சி, சட்டைய இஸ்திரி போட்டு மாட்டினீங்க. அதுக்குத்தான் குடுத்தேன். டிக்கெட்டுக்கா குடுத்தேன்?”

எந்த மடையன் நஷ்டப்படுகிற பிளேனுக்கு வருஷா வருஷம் பணம் கொட்டுவான் என்று நான் டீக்கடையில் கத்தியதற்கு மூன்று வருஷம் கழித்து என் வீட்டிலேயே பதில் கிடைத்தது. அந்த ராஜாவுக்கும் தன் பிளேன் மேலே ஏறுவதைக் கீழே நின்று பார்த்தால் போதும் என்று இருந்திருக்கலாம். அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என்னை எழுப்பி நிறுத்த இவள் தன் ஒரே ஆசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள் என்பது. அழுகை வந்துவிட்டது. தவிட்டுத் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்தது வீட்டுக் கூடத்தில். அங்கே தவிடு ஏது? மெஹர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

சாயங்காலம் மாதா கோயில் தெருவுக்குப் போனேன். “பச்சையப்பன்கிட்டயே வாங்கிக்குங்க அக்கா. ஆளுக்கு முப்பது கிலோ. அஞ்சு பேருக்கு எவ்ளோ வடகம் ஆச்சு பாருங்க” என்றேன். ரோசம்மாள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். அந்தோணிசாமி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவாண்டார்கோயிலுக்கு பஸ் ஏறினேன். மிஷின் டெம்போவில் வந்து இறங்கியது. கடைக்குள் வேறு எங்கேயும் அதற்கு இடம் இல்லை. என் மேசை இருந்த இடத்தில்தான் நிற்கும் என்றார் மெக்கானிக். மேசையை நகர்த்த வேண்டாம், பின்னால் மூட்டைகளை எடுத்துவிட்டு இடம் பண்ணலாம் என்று மெஹர் தடுத்தாள். நானே இழுத்து வெளியே போட்டேன். போர்டையும் நானே ஏணி போட்டுக் கழற்றினேன். ஏணியை அவள்தான் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கி முடிக்கிற வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் போய்ப் படுத்துவிடுவேனோ என்று அவளுக்கு பயம்.

மறுநாள் காலையில் எழுந்து குளித்தேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் போய்க் கடையைத் திறந்து, மிஷினில் கடலையைக் கொட்டினேன். சாயங்காலத்துக்குள் சட்டை முழுக்க எண்ணெய். என்ன சோப்பு போட்டாலும் அது போகாது. மெஹர் அந்தச் சட்டையை வாங்கி வாளியில் ஊறப்போட்டுவிட்டு, நாளைக்குப் போட இன்னொன்றை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தாள்.